சொந்தமாக மரம் வெட்டும் தொழில் தொடங்குகிறோம்: ரம்பம், ஏறும் கயிறு, கூலி பற்றிச் சொல்லுங்கள்

உச்சிப்புளித் தம்பி:

வணக்கம். இவ்வளவு நாளும் ஒரு காண்டிராக்டரிடம் கூலிக்கு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். இனி நானும் என் மச்சானும் இன்னும் இரண்டு பேருமாகச் சொந்தமாகச் செய்வதென்று இறங்கிவிட்டோம். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி பிறந்தால் போதும், வீட்டுக்கு மேல் சாய்ந்த தென்னை, மின்கம்பியைத் தொடும் வேம்பு, லாட்ஜ் வாசலில் காய்ந்து தொங்கும் மட்டை என்று ஆளைத் தேடி அலைகிறார்கள்.

கையில் இருப்பது 58 சிசி பெட்ரோல் ரம்பம், பழையது, 18 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு). ஏறுவதற்குக் கட்டட வேலைக்காரர்கள் போடும் பெல்ட் ஒன்று. கயிறு இன்னும் வாங்கவில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் பச்சைக் கயிறு நல்ல தடிமனில் கிடைக்கிறது. விசைப்படகையே கட்டி நிறுத்துகிற கயிறு ஆளைத் தாங்காதா என்று மச்சான் கேட்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கூலி எப்படிப் பேசுவது, பனையை வெட்ட யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடகடல் மரக்காரன்:

தம்பி, தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். அந்தக் கயிறு ஆளைத் தாங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மரத்தில் கயிறு தாங்கினால் மட்டும் போதாது. உரசலைப் பொறுக்க வேண்டும், வெயிலைப் பொறுக்க வேண்டும், முடிச்சைப் பிடித்து வைக்க வேண்டும்.

கடையில் ஒரு சாண் துண்டு வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். கடலில் மிதக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். மரத்தில் நாம் இறங்கும்போது கயிற்றின் மேல் கயிறு உரசும் முடிச்சுதான் நம் பிரேக். அந்த இடம் கொதிக்கும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மரம் ஏறுவதற்கென்று செய்யும் பாலியெஸ்டர் கயிறு 250 டிகிரி வரை நிற்கும். வெயிலில் கிடந்த பச்சைக் கயிற்றை விரலால் தேய்த்துப் பார்த்தால் பொடிபொடியாகக் கையில் ஒட்டும். அந்தப் பொடி கயிற்றின் பலம்தான். அது போன பிறகு தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஏறுவதற்கு 12 அல்லது 13 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். அதில் பிரேக்காக நிற்கும் பிளேக்ஸ் முடிச்சையோ புருசிக் முடிச்சையோ தரையில் ஆள் உயரத்தில் கட்டித் தொங்கிப் பழகிவிட்டு மேலே போங்கள். பச்சைக் கயிற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டிய கிளையை இழுக்க உதவும். ஆனால் இரண்டையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து பெல்ட். கட்டட வேலைக்காரர் பெல்ட் என்றால் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள முழு உடல் பெல்ட்டாக இருக்கலாம். விழுந்தால் பிடிக்கும், அதற்காகத்தான் முதுகில் வளையம் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதுகு வளையத்தில் தொங்கிக்கொண்டு கிளையை அறுக்க முடியாது. மரத்துக்கு உட்காரும் பட்டையும், இடுப்பின் இரு பக்க வளையங்களும், முன்பக்கம் கயிறு மாட்டும் இடமும் உள்ள பெல்ட் வேண்டும். விலை அதிகம்தான். ரம்பத்தை வாடகைக்கு எடுத்தாவது பெல்ட்டையும் கயிற்றையும் சொந்தமாக, புதிதாக வாங்குங்கள். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது யார் கையில் எப்படிக் கிடந்தது என்று நமக்குத் தெரியாது.

ரம்பத்தை ஓட்டும்போது இரண்டு கட்டு இருக்க வேண்டும். ஒன்று ஏறும் கயிறு. இன்னொன்று இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி வரும் குட்டைக் கயிறு, உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற வகை. ஓடும் செயின் கயிற்றைத் தொட்டால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும். உள்ளே இரும்பு இருந்தால் ஒரு நொடி கிடைக்கும், ரம்பத்தை விலக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் பெல்ட் அவரைக் காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அசையாமல் தொங்கும் உடம்பில் காலுக்குப் போன இரத்தம் மேலே ஏறாது. சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. அதனால் ஏறத் தெரிந்த இரண்டாவது ஆள், இரண்டாவது கயிறு, இரண்டாவது பெல்ட் தரையில் தயாராக இருக்க வேண்டும். நான்கு பேரில் நீங்கள் ஒருவர் மட்டும் ஏறுகிறவர் என்றால் தொழில் தொடங்கும் முன் மச்சானை ஏறப் பழக்குங்கள்.

சாயல்குடி பட்டறை:

கயிற்றைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

58 சிசி ரம்பத்தை மரத்தின் மேல் கொண்டுபோகவே வேண்டாம். பார், செயின், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் எடை ஆறு கிலோவைத் தாண்டும். அது தரையில் நின்று அடிமரம் அறுக்க நல்ல ரம்பம். மேலே, மணிக்கட்டுத் தடிமன் வரை வளைந்த கைரம்பமே போதும். வேம்பில் கழிப்பதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேல்கைப்பிடி வைத்த சிறிய ரம்பம் தனியாக வருகிறது. அதையும் இரண்டு கையால்தான் பிடிக்க வேண்டும். ஒரு கையால் கிளையைப் பிடித்து மறுகையால் அறுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாரின் மூக்கில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் அப்படியே முகத்துக்கு எகிறும். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள்.

நம் கரையில் ரம்பத்துக்கு இரண்டு எதிரிகள், உப்பும் மணலும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்னை மட்டைக்கும் தண்டுக்கும் இடையில் மணல் போய் அடைந்திருக்கும். வெளியே தெரியாது. செயின் உள்ளே போனதும் நெருப்புப்பொறி வரும், பல் மழுங்கிவிடும். அறுக்கும் இடத்தை அரிவாளால் சீவி, துணியால் தட்டிவிட்டு அறுங்கள். முனை கூரான சதுரப் பல் செயினைவிட ஓரம் உருண்ட பல் செயின் இங்கே அதிக நேரம் தாங்கும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அரம் பிடிப்பதைப் பட்டறைக்கு விடாமல் நீங்களே பழகுங்கள். உங்கள் ரம்பத்தில் பெரும்பாலும் .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின் இருக்கும், அதற்கு 4.8 மி.மீ. உருட்டரம். பாரை வைஸில் பிடித்து, பல்லின் தலையில் போட்டிருக்கும் 30 டிகிரி கோட்டுக்கு அரத்தை இணையாக வைத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று தள்ளலில் பல்லின் விளிம்பில் இருந்த வெள்ளைக் கோடு மறையும். மழுங்கிய முனைதான் வெளிச்சத்தில் அப்படி மின்னுகிறது, கூர் வந்துவிட்டால் மின்னாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கில் தள்ளுங்கள், இல்லையென்றால் ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு திமிலையும் மறக்க வேண்டாம். அது பல்லைவிட 0.65 மி.மீ. அளவு தாழ்வாக இருக்க வேண்டும். அதிகம் இறக்கினால் பல் மரத்தைக் கடித்து இழுக்கும், கை தாங்காது. ரம்பம் செதில்செதிலாகத் துப்பினால் கூர் சரி. மாவாகக் கொட்டினால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவு ரம்பத்தின் புத்தகத்தில் எப்படியோ அப்படித்தான். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். நாலு நாள் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள். பாருக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பாரையே தின்றுவிடும்.

கைலியோடு ரம்பம் பிடிக்கக் கூடாது என்று சொல்லியாக வேண்டுமா? சொல்லிவிடுகிறேன். ரம்பத்துக்கென்று வரும் கால்சட்டையில் உள்ளே நீள நூல் அடுக்கு இருக்கும். செயின் பட்டால் நூல் பற்சக்கரத்தில் சிக்கி நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் புழுக்கம் தாங்காது, ஆனாலும் தரையில் அறுப்பவர் அதைப் போட்டே ஆக வேண்டும்.

பனங்காட்டுப் பிள்ளை:

என் தாத்தாவும் அப்பாவும் பனையேறிகள். காலில் தளைக்கயிறு, இடுப்பில் பாளை அரிவாள், இவ்வளவுதான் அவர்களுடைய சாமான். அந்தக் காலத்தவர் பெல்ட் இல்லாமல் ஏறவில்லையா என்று சிலர் இங்கே வந்து சொல்வார்கள், அதனால் முந்திக்கொண்டு எழுதுகிறேன். ஏறினார்கள். விழுந்தவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். எங்கள் தெருவில் இடுப்பொடிந்து கட்டிலிலேயே காலம் தள்ளியவர்களை நான் பார்த்து வளர்ந்தேன்.

பனை விஷயம்: 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தபடி பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சொந்தப் பட்டாவில் நின்றாலும் சரி. வீட்டுக்காரர் "என் மரம்தானே, வெட்டு" என்பார். அனுமதித் தாளைக் கண்ணால் பார்க்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். காய்ந்த ஓலை கழிப்பது வேறு, மரத்தை வீழ்த்துவது வேறு. பனை நம் மாநில மரம். இந்தக் கரையில் மண்ணையும் மனிதரையும் பிடித்து வைத்திருப்பது அது. அனுமதி இருந்தாலும் வேறு வழி உண்டா என்று ஒரு தடவை கேட்டுவிட்டே வெட்டுங்கள் என்பேன்.

சாலையோரம், கண்மாய்க் கரை, புறம்போக்கு மரங்கள் எதையும் தனியார் சொல்லை நம்பித் தொடாதீர்கள். அவற்றுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. காரங்காடு பக்கம் அலையாத்தியில் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது.

ஏர்வாடி ஏற்றம்:

எல்லாரும் செலவையே சொல்கிறீர்கள். காலில் கட்டும் இரும்பு முள் ஒரு ஜோடி வாங்கினால் தென்னையில் பாதி நேரத்தில் ஏறிவிடலாம். ஒரு நாளைக்குக் கூடுதலாக மரம் பார்த்தால்தானே தொழில் நிற்கும்? முள் குத்திய ஓட்டை சிறியது, மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

பெரியபட்டினம் தோப்பு:

ஆகும் ஐயா, நன்றாகவே ஆகும். தோப்பு வைத்திருப்பவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், இந்தப் பேச்சை வளர்க்காதீர்கள். வேம்பும் பூவரசும் காயத்தை மூடிப் பட்டை வளர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வளர்திசு கிடையாது. இன்று குத்திய ஓட்டை மரம் சாகும் வரை ஓட்டைதான். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அந்த ஓட்டையில் முட்டையிடும், புழு உள்ளே குடையும். நமக்குத் தெரியவரும்போது குருத்து சாய்ந்திருக்கும். தென்னைக்கு ஒரே குருத்து, போனால் மரம் போச்சு. என் தோப்பில் முள் கட்டிய ஆளைக் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

தென்னைக்கென்று மிதி வைத்த ஏறும் கருவி இருக்கிறது. நின்று ஏறும் வகையும் உண்டு, உட்கார்ந்து ஏறும் வகையும் உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் அதில் பயிற்சி கொடுத்து வருகிறது. மட்டை கழிக்க, காய் பறிக்க அதுவே போதும்.

வடகடல் மரக்காரன்:

தோப்புக்காரர் சொல்வது சரி. முள்ளுக்கு ஓர் இடம் உண்டு: முழுவதும் வெட்டி எடுக்கப் போகிற மரம். உயிரோடு விடப்போகிற மரத்தில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

தங்கச்சிமடம் கணக்கு:

தம்பி, என் வீட்டுக்காரர் மரம் வெட்டுகிறார், நான் கணக்குப் பார்க்கிறேன். கூலி பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் வந்தேன்.

நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. "கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்" என்பார்கள். புளியும் வேம்பும் என்றால் கட்டுப்படியாகும். சீமைக்கருவேலம் என்றால் கரி மூட்டம் போடுகிறவர் வாங்கிக்கொள்வார். தென்னந்தண்டை யார் வாங்குவது? அதைத் துண்டு போட்டு ஏற்றி இறக்குவதற்கே ஒரு நாள் போய்விடும். ஆகவே மரத்தைப் பார்க்காமல் போனில் விலை சொல்லாதீர்கள். நேரில் போய், மரம் எது, கீழே என்ன இருக்கிறது, வண்டி எதுவரை வரும், கழிவு யாருடையது என்று நான்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆள் கூலி, வண்டி வாடகை, பெட்ரோல், செயின் தேய்மானம், மழையில் சும்மா இருக்கும் நாட்கள், கயிறு மாற்றச் சேர்க்கும் பணம், எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் விலை. பக்கத்து ஊர்க்காரர் குறைத்துச் சொல்கிறார் என்றால் இவற்றில் எதையோ விட்டிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் கயிற்றைத்தான்.

"கடன் வாங்கிக் கடன் கொடுத்தவனும் கெட்டான், மரம் ஏறிக் கைவிட்டவனும் கெட்டான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் தொழிலில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். பாதிப் பணம் முன்பணம், மீதி கிளையை அள்ளி முடித்ததும். எந்த மரம், எவ்வளவு உயரத்துக்கு, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர் வீடானாலும் எழுதுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் அட்டையும் போதும், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். லாட்ஜ், பள்ளிக்கூட வேலைக்கெல்லாம் அந்தச் சான்று கேட்பார்கள். நான்கு பேரும் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். அது போதாது என்பது எனக்கும் தெரியும். தென்னை ஏறுகிறவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடும் இருக்கிறது, விசாரியுங்கள். கூலிக்கு ஆள் வைத்தால் அவருக்கு நேர்வது உங்கள் தலையில் விழும், சட்டமே அப்படித்தான்.

கீழக்கரை வீட்டுக்காரர்:

வேலை கொடுக்கிறவன் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். எங்கள் முற்றத்து வேம்பு என் வாப்பா நட்டது. மழைக்கு முன் கிளையைக் குறைக்கச் சொன்னோம். வந்தவர்கள் உச்சியோடு மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். வெட்டிய இடத்திலிருந்து விளக்குமாறு போல நூறு குச்சி கிளம்பிற்று. ஒன்றுக்கும் மரத்தில் பிடிப்பு இல்லை, வாடைக்காற்றில் ஒவ்வொன்றாக முறிந்து விழுகிறது. முன்னைவிட இப்போதுதான் மரத்தடியில் பிள்ளைகளை விடப் பயமாக இருக்கிறது.

எந்தக் கிளையை ஏன் எடுக்கிறீர்கள் என்று ரம்பத்தைத் தொடும் முன் சொல்லுங்கள் தம்பி. அப்படிச் சொல்கிற ஆளுக்குக் கூடுதலாகக் கொடுக்க எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது.

வடகடல் மரக்காரன்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதற்கு ஒரு விளக்கம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும், மரம் காயத்தை மூடுவது அங்கிருந்துதான். அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும், புடைப்பையும் வெட்டக் கூடாது, முழம் நீளம் விடவும் கூடாது. கனமான கிளை என்றால் முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாமல் கிளை விழும். மிஞ்சிய முளையைப் புடைப்பின் ஓரம் கடைசியாக எடுங்கள். மொட்டையடித்த மரத்தில் இனி இரண்டு மூன்று நல்ல குச்சிகளை வைத்துக்கொண்டு மற்றதை வருடத்துக்குக் கொஞ்சமாகக் கழிக்கலாம். பொறுமை வேண்டும்.

ஓய்வு பெற்ற லைன்மேன்:

மின்கம்பி பக்கம் வேலை என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்துங்கள். போனில் "நிறுத்தியாகிவிட்டது" என்று சொன்னதை நம்பி ஏறாதீர்கள். லைன்மேன் நேரில் வந்து, எர்த் போட்டு, "ஏறு" என்று சொல்ல வேண்டும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் லாட்ஜுகளில் ஜெனரேட்டர் ஓடும். சரியாகப் பிரிக்காமல் இணைத்திருந்தால் நிறுத்திய கம்பியில் அங்கிருந்து மின்சாரம் திரும்பி வரும். எர்த் போடச் சொல்வது அதற்காகத்தான். 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, ஈரமான தென்னை மட்டை பக்கத்தில் போனாலே போதும்.

உச்சிப்புளித் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. கயிறும் பெல்ட்டும் வாங்கும் வரை ஏறும் வேலை எடுப்பதில்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். ஆனால் பாம்பனில் ஒருவர் விடாமல் கூப்பிடுகிறார். ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த தென்னை, உச்சி முழுவதும் காய்ந்து குருத்து தொங்குகிறது. அடித்தண்டில் ஓட்டைகள் இருக்கின்றன, பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருக்கிறது. சந்து குறுகல், கிரேன் வராது. ஏறி உச்சியை மட்டும் இறக்கினால் போதும் என்கிறார்.

பெரியபட்டினம் தோப்பு:

நீங்கள் சொல்வது கூன்வண்டு குடைந்த மரம். வழிந்திருப்பது அதன் சாறு. உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வடகடல் மரக்காரன்:

அதில் ஏறவே கூடாது. எந்தக் கயிறு கட்டினாலும் அந்த மரத்தில்தான் கட்ட வேண்டும், மரம் முறிந்தால் கயிறு என்ன செய்யும்? அடியில் அறுத்து வேறு பக்கம் இழுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தென்னை நார் மரம், வேம்பு போல வெட்டுவாயில் கீல் மாதிரி நின்று திரும்பாது, குடைந்த தண்டு சொல்லவே வேண்டாம்.

இரும்புக் குழாய்ச் சாரம் வாடகைக்கு எடுங்கள். மரத்தில் சாய்க்காமல் தனியே நான்கு காலில் நிற்கும்படி கட்டுங்கள். மணல் தரை, ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பலகை போடுங்கள். முதலில் மரத்துக்கு நேர் கீழே உள்ள ஓடுகளைக் கழற்றி அடுக்கிவிடுங்கள், வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. சாரத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உச்சியிலிருந்து முழம் முழமாகக் கைரம்பத்தால் அறுத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். காற்று ஓய்ந்த காலை நேரம் பாருங்கள்.

தங்கச்சிமடம் கணக்கு:

சாரம் வாடகையும் ஓடு மீண்டும் போடும் கூலியும் வீட்டுக்காரர் கணக்கில் வர வேண்டும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளித் தம்பி:

அவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். தொகையைக் கேட்டு யோசிக்கிறார், இரண்டு நாள் கேட்டிருக்கிறார். குருத்து விழுகிற மாதிரி இருப்பதால் அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லிவந்தேன். மண்டபத்தில் சாரம் வாடகைக்கு விடுகிறவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சாயல்குடி அண்ணன், ரம்பத்தை ஒரு தடவை உங்களிடம் காட்ட வேண்டும்.

சாயல்குடி பட்டறை:

ஞாயிறு தவிர எந்த நாளும் வாருங்கள். வரும்போது பழைய செயினையும் கொண்டுவாருங்கள். பற்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் நான் பார்க்கும் வரை புதுச் செயின் வாங்க வேண்டாம்.